டீசல் கசியாத ஓட்டை

ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றது. மண் பாதை, லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஏறுவதற்கான கியர் நிலை), இரண்டாவது கியர். முதலில் இழுவை குறைந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி எழும்பி உடனே தொய்ந்தது. பின்னால் வெள்ளைப் புகை. இரண்டு மூன்று முறை திணறிவிட்டு எஞ்சின் அணைந்துபோனது. செல்ஃப் அடித்தேன். நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை.

சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும், உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடித்தேன். டீசல் வரவேண்டிய இடத்தில் நுரை வந்தது, சோப்புத் தண்ணீர் மாதிரி வெளுத்த நுரை. முப்பது நாற்பது முறை அடித்த பிறகுதான் நுரை அடங்கி, தெளிந்த டீசல் கம்பியாக வந்தது. ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுச் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காதது போல மிச்ச ஏற்றத்தையும் ஏறிவிட்டது.

அன்று தொடங்கிய தேடல் முடிய நான்கு மாதம் ஆயிற்று. இடையில் நல்ல நிலையில் இருந்த பாகங்களையெல்லாம் கழற்றி மாற்றினேன். கடைசியில் கோளாறு இருந்த இடம், நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத இடம். பழைய டீசல் ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

என் வண்டி எலக்ட்ரானிக் எதுவும் இல்லாத பழைய டீசல். டேங்கிலிருந்து டீசலை ஒரு ஃபீட் பம்ப் உறிஞ்சி எடுக்கும். எஞ்சினில் பொருத்திய, டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு வைத்த சின்ன பம்ப் அது. அங்கிருந்து டீசல் ஃபில்டருக்குப் போய், ஃபில்டரிலிருந்து பெரிய டீசல் பம்புக்குப் போகும். பெரிய பம்ப் அதை 100 பாருக்கு மேல் அழுத்தி சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு நாசிலுக்கும் அனுப்பும். மிஞ்சியது ரிட்டன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். அவ்வளவுதான் அமைப்பு.

இதில் காற்று புகுந்தால் ஏன் எஞ்சின் நிற்கிறது? டீசல் ஏறக்குறைய அமுங்காத திரவம். காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால், பெரிய பம்பின் உழைப்பெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். நாசில் ஊசி எழும்புவதற்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் மிஸ்ஸிங், எல்லாம் விட்டால் எஞ்சின் ஆஃப். அரைகுறையாகத் தெளித்த டீசல் எரியாமல் சூட்டில் ஆவியாகி சைலென்சர் வழியாக வருவதுதான் நான் பார்த்த வெள்ளைப் புகை.

ஆக, காற்று புகுகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கே புகுகிறது என்பதுதான் கேள்வி.

முதல் சந்தேகம் டேங்க் மூடிமேல். மூடியில் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது நின்றுவிடும். இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. வண்டி நிற்கும் அந்த நேரத்திலேயே மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். "உஸ்" என்று காற்றை இழுக்கும் சத்தம் வந்தால் துளை அடைப்பு. இரண்டாம் முறை நின்றபோது திறந்து பார்த்தேன். சத்தமே இல்லை. மூடி தப்பித்தது.

அடுத்து ஃபில்டரை மாற்றினேன், அதன் ரப்பர் வளையங்களோடு. பழைய வளையத்தை எடுக்க மறந்து மேலேயே புது வளையத்தைப் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு, அதனால் விரலால் தடவிப் பார்த்தே போட்டேன். வண்டி அருமையாக ஓடியது. பத்து நாள் கழித்து, வேறொரு ஏற்றத்தில் மறுபடி நின்றது.

பிறகு, டீசல் குழாய்களை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளின் செம்பு வாஷர்கள். இவை ஒரு தடவை இறுக்கினாலே கெட்டிப்பட்டுவிடும், இரண்டாம் தடவை சரியாக உட்காராது. சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் மீண்டும் மிருதுவாகும். ஆனாலும் புதிதாகவே போட்டேன். ஓடியது. பன்னிரண்டு நாள் கழித்து நின்றது.

மூன்றாவதாக ஃபீட் பம்ப். இதை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. வண்டியோடு பிறந்த பம்ப் அது. அதன் வெளியேறும் பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்திருக்கலாம். இந்த மாதிரி டயஃப்ரம் பம்புகள் பெரும்பாலும் 3 முதல் 8 பிஎஸ்ஐ வரை அழுத்தம் கொடுக்கும், வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். பார்த்திருந்தால் பம்பின்மேல் தவறில்லை என்று பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கேஜைத் தேடவில்லை. பம்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். புதியதின் உடம்பு லேசாக இருந்தது, கை லீவர் ஆடியது. பழையதைப் போல அது இல்லை. ஆனால் வண்டி ஓடியது. "பம்ப்தான் காரணம், கண்டுபிடித்தாயிற்று" என்று நண்பர்களிடம் சொல்லியும்விட்டேன். மூன்று வாரம் ஓடிய பிறகு, அதே மண் பாதையில், முதலில் நின்ற இடத்துக்கு நூறு அடி முன்னாலேயே நின்றது.

ஒவ்வொரு தடவையும் வைத்தியம் பலித்தது போலவே தோன்றியது, சில நாளில் நோய் திரும்பியது. இந்த ஒழுங்கில்தான் விடை இருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பெரிய பம்பைக் கழற்றி, முழுதாகப் பிரித்துச் சரிசெய்யக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, டீசல் வண்டிகளிலேயே ஊறிய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். நடந்ததையெல்லாம் கேட்டார். பானெட்டைத் திறக்கவே இல்லை.

"தம்பி, நீ காத்து வருதுன்னு சொல்ற. காத்தை நீ கண்ணால பாத்தியா?"

"நுரை வந்துச்சே அண்ணே, ஏர் எடுக்கும்போது."

"அது வந்து சேர்ந்த இடம். புறப்பட்ட இடத்தைப் பாத்தியான்னு கேக்கறேன்."

உள்ளே போய் இரண்டு முழம் ட்யூபை எடுத்துவந்தார். தண்ணீர் மாதிரி தெளிவான பிளாஸ்டிக் ட்யூப். ஃபீட் பம்புக்கு முன்னால் இருந்த ரப்பர் ஓஸைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு துண்டு. ஃபில்டருக்கும் பெரிய பம்புக்கும் நடுவில் இன்னொரு துண்டு. "ஓட்டிட்டு வா. எந்த ட்யூபுல குமிழி வருதுன்னு மட்டும் சொல்லு" என்றார்.

ஓடுகிற வண்டியில் பானெட்டுக்குள் எப்படிப் பார்ப்பது? என் செல்போனை, ட்யூப் இரண்டும் தெரியும்படி ஃபெண்டர் ஓரத்தில் கட்டி, டார்ச்சோடு வீடியோவை ஓடவிட்டேன். சூடு ஏறும் இடம், ஃபேன் பெல்ட் சுற்றும் இடம் இரண்டையும் விட்டுத் தள்ளி. ஏற்றத்தில் ஏறி, எஞ்சின் திணறத் தொடங்கியதும் நிறுத்தினேன். வீடியோவில் எஞ்சின் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. சத்தம் மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்பு, ஃபீட் பம்புக்கு முன்னால் இருந்த ட்யூபில் கடுகளவு குமிழிகள் ஓட ஆரம்பித்தன. பிறகு பட்டாணி அளவு. பிறகு ட்யூபில் பாதி டீசல், பாதி காற்று. இரண்டாவது ட்யூபில் குமிழி தெரிந்தது அதற்கு வெகுநேரம் பின்னால். நடுவில் ஃபில்டர் இருக்கிறதே, அதன் தலையில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, இடம் நிறைந்த பிறகுதான் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. வண்டி திணறுவதும் அந்த நேரத்தில்தான்.

இரண்டு முழம் ட்யூப், ஒரு மணி நேரம். ஃபீட் பம்ப், ஃபில்டர், அதன் வாஷர்கள், பெரிய பம்ப், எதன்மீதும் குற்றமில்லை. நான் மாற்றிய அத்தனையும் குமிழி தோன்றிய இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவை.

இந்தச் சோதனை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணத் தெளிந்த பிளாஸ்டிக் ட்யூப் டீசலில் ஊறினால் நாளடைவில் விறைத்து வெடிக்கும், சூட்டில் இளகும். சோதனைக்கு மட்டும்தான் அது. சைலென்சர் குழாய்ப் பக்கம் போகாமல் கட்டி, வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

அடுத்து அண்ணன் சொன்னது கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி எஞ்சின் பக்கத்தில் கட்டிவைத்து, ஃபீட் பம்பின் உறிஞ்சும் ஓஸையும் ரிட்டன் ஓஸையும் அந்தக் கேனிலேயே விட்டோம். வண்டியின் டேங்குக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு இல்லை. அதே ஏற்றத்தை மூன்று தடவை ஏறினேன். ட்யூபில் ஒரு குமிழிகூட இல்லை. காற்று புகும் இடம் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் என்று முடிவுசெய்தோம்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள இரும்புக் குழாயையும் ஓஸ்களையும் துணியால் துடைத்து விளக்கு வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. கசிவே இல்லாத குழாயில் எப்படிக் காற்று போகும் என்று கேட்டேன்.

"அது உறிஞ்சற பக்கம் தம்பி. வெளியில இருக்கற காத்துதான் உள்ள போகும். உள்ள இருக்கற டீசல் வெளியில வராது."

இதற்குமேல் எளிமையாக யாராலும் சொல்ல முடியாது. ஃபீட் பம்புக்கு அந்தப் பக்கம் அழுத்தம், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். இந்தப் பக்கம் உறிஞ்சல், குழாய்க்குள் இருப்பது வெளிக்காற்றை விடக் குறைந்த அழுத்தம். டீசலை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 0.08 பார் உறிஞ்சல் போதும். மிகச் சிறிய அளவுதான், ஆனால் ஒரு ஊசித்துளை வழியாகக் காற்றை இழுக்க அது தாராளம். உலர்ந்து சுத்தமாக இருக்கும் குழாயை நல்ல குழாய் என்று நம்பியதுதான் நான் செய்த தவறு. ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, காய்ந்த இடத்தில் ஓட்டை இருக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை.

பழைய ரப்பர் ஓஸ்கள்மீது எனக்குச் சந்தேகம் வலுத்தது. காரணமும் உண்டு. 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை நன்றாக ஓடிய பல வண்டிகளில் பம்ப் சீல்கள் கசியத் தொடங்கின. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர், புது டீசலில் சுருங்கிவிட்டது. பழைய வண்டியில் வயதான ரப்பரை நம்ப முடியாது என்பதற்கு நல்ல உதாரணம் அது. ஆகவே டேங்க் வாயிலிருந்து ஃபீட் பம்ப் வரை முழுவதையும் புதிதாகப் போட்டேன். டீசலுக்கு ஏற்றது என்று மேலேயே அச்சிட்டிருந்த ஓஸ், புது இரும்புக் குழாய். கிளிப்பும் மாற்றினேன். ஸ்க்ரூ திருகும் சாதாரணப் பட்டைக் கிளிப் சின்ன ஓஸில் முழு வட்டமாக உட்காராது, திருகு இருக்கும் இடத்தில் ஒரு மேடு தட்டி அங்கே மெல்லிய இடைவெளி விழும். உறிஞ்சும் பக்கத்தில் அந்த இடைவெளி போதும். சின்ன ஓஸுக்கென்றே வரும் முழுவட்டக் கிளிப்புகளைப் போட்டேன்.

டேங்கை நிரப்பிக்கொண்டு ஏற்றத்துக்குப் போனேன். தெளிந்த ட்யூபை விட்டுவைத்திருந்தேன். ஒரு குமிழியும் இல்லை. அண்ணனுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன்.

பதினோராம் நாள் குமிழி வந்தது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது, டீசல் போட்டது எல்லாவற்றையும் தேதியோடு எழுதுவது என் வழக்கம். அதை முதலிலிருந்து புரட்டினேன். வண்டி நின்ற தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். பிறகு வெறுமனே, வேறு எதுவும் தோன்றாததால், டீசல் போட்ட தேதிகளைப் பச்சையால் வட்டமிட்டேன்.

பச்சை வட்டத்துக்கு அடுத்த சில நாட்களில் சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சிவப்பும் அடுத்த பச்சைக்குச் சற்று முன்னால் இருந்தது. ஒன்பது சிவப்பு, ஒன்பதும் அப்படியே.

ஒவ்வொரு ரிப்பேர் முடிந்ததும் சோதித்துப் பார்க்கத் தூரம் போக வேண்டுமே என்று நான் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். ஃபில்டர் மாற்றிய அன்று நிரப்பினேன். வாஷர் மாற்றிய அன்று நிரப்பினேன். பம்ப் மாற்றிய அன்றும், குழாய் மாற்றிய அன்றும். வண்டியைக் குணப்படுத்தியது நான் மாட்டிய பாகமல்ல, நான் ஊற்றிய டீசல். பம்ப் மாற்றிய பிறகு மூன்று வாரம் ஓடியதற்கும் காரணம் நோட்டிலேயே இருந்தது. அந்த மூன்று வாரத்தில் நடுவில் ஒரு தடவை டீசல் போட்டிருக்கிறேன்.

டேங்கில் டீசல் குறைந்தால் காற்று புகுகிறது என்றால், ஓட்டை டேங்குக்கு உள்ளேயே இருக்க வேண்டும். டேங்கின் மேல்தட்டிலிருந்து ஒரு குழாய் உள்ளே இறங்கி, அடிமட்டத்துக்குச் சற்று மேலே முடியும். அதன் வழியாகத்தான் டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தக் குழாயின் நடுவில் ஒரு வெடிப்பு இருந்தால், டீசல் மட்டம் அதற்கு மேலே இருக்கும்வரை வெடிப்பு வழியாகவும் டீசல்தான் போகும். யாருக்கும் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும் வெடிப்பு காற்றில் நிற்கும். என் வண்டியில் அந்தக் குழாய் டேங்கின் முன்பகுதியில் இருக்கிறது. ஏற்றத்தில் டீசல் பின்பக்கம் சாயும்போது குழாய் இருக்கும் இடத்தில் மட்டம் இன்னும் இறங்கும். சமதரையில் அரை டேங்க் என்றால் ஏற்றத்தில் அந்த இடத்தில் கால் டேங்க்கூட இருக்காது. அதோடு ஏற்றத்தில் எஞ்சின் டீசலை அதிகம் கேட்கும். சமதரையில் மெதுவாகப் போகும்போது புகும் சொற்பக் காற்றை ரிட்டன் லைன் டேங்குக்கே திருப்பி அனுப்பிச் சமாளித்துவிடும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது எந்தத் தொந்தரவும் இல்லை.

ஊகம் சரியாகவே இருந்தாலும் சோதிக்காமல் டேங்கைக் கழற்றக் கூடாது என்று இந்த முறை உறுதியாக இருந்தேன். டேங்கிலிருந்து டீசலைக் கேன்களில் இறக்கி, கால் பங்கு மட்டும் விட்டேன். சமதரையில் எஞ்சினை ஓடவிட்டேன். தெளிந்த ட்யூபில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி. முன்சக்கரங்களைச் சாய்வுப் பலகைமேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மறுபடி ஓடவிட்டேன். குமிழி சங்கிலியாக வந்தது. வண்டியை அசைக்காமல், எஞ்சினை அணைக்காமல், இருபது லிட்டர் டீசலை ஊற்றினேன். கேனில் கடைசி இரண்டு லிட்டர் இருக்கும்போது குமிழி இளைத்து, அறுந்து, நின்றது. ட்யூப் தெளிந்த மஞ்சளாக இருந்தது. மீண்டும் இருபது லிட்டரை இறக்கினேன், குமிழி வந்தது. மீண்டும் ஊற்றினேன், நின்றது.

நான்கு மாதத்தில் முதல்முறையாகக் கோளாறை நான் விரும்பியபோது வரவழைத்து, விரும்பியபோது நிறுத்த முடிந்தது. அந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. எந்த இயந்திரத்திலும் இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு முன் மாற்றுகிற பாகம் எல்லாம் சூதாட்டம்.

டேங்கைத் திறந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், டீசலை முழுவதும் இறக்கிய பிறகு மேல்தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். டீசல் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றாது. ஆவியில் தீ பிடிக்க டீசல் ஓரளவு சூடாக வேண்டும். அதை நம்பிக் காலி டேங்கில் வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெல்டிங் சூட்டில் ஓரத்தில் ஒட்டியிருக்கும் டீசல் ஆவியாகி, மூடிய டேங்குக்குள் காற்றோடு கலந்தால் அது வெடிகுண்டு.

குழாய் வெளியே வந்தது. துடைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. கீழ்முனையை ரப்பர் அடைப்பானால் மூடி, மேல்முனையில் ஓஸ் மாட்டி, குழாயை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்பால் மெதுவாக ஒரு அடி அடித்தேன். அடியிலிருந்து சுமார் 9 சென்டிமீட்டர் உயரத்தில், குழாயை டேங்குக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டோடு பிடித்திருந்த கவ்வியின் ஓரத்தில், முத்துக் கோத்தது போலக் குமிழி வரிசை. அந்த இடத்தைத் துடைத்து நகத்தால் வருடினேன். நகம் ஒரு இடத்தில் மட்டும் மயிரிழை தடுக்கியது. தலைமுடியை விட மெல்லிய வெடிப்பு, குழாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு ஓடியிருந்தது. இத்தனை வருடம் மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் குழாய் அந்தக் கவ்வி விளிம்பில் வளைந்து வளைந்து, இரும்பு அலுத்துப்போயிருக்கிறது. காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கே உரிய நோய் இது. தார் ரோட்டிலேயே ஓடியிருந்தால் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும்.

வெடிப்பின்மேல் பற்றுவைத்து அடைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அலுத்த இரும்பு பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும் என்பதால், அதே அளவில் புது இரும்புக் குழாயை டேங்குக்கு வெளியே வைத்து மேல்தட்டில் பற்றவைத்தோம். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று பலர் போடுகிறார்கள். செம்பு டீசலோடு எப்போதும் தொட்டுக்கொண்டிருந்தால் டீசலைச் சீக்கிரம் கெடுத்துப் பிசினாக்கும், துத்தநாகப் பூச்சும் அப்படியே, அதனால் சாதா இரும்பு. கீழ்முனையைச் சாய்வாக வெட்டி, அடித்தகட்டிலிருந்து ஒரு விரல் கனம் மேலே நிற்கும்படி வைத்தேன். நேராக வெட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு உறிஞ்ச முடியாமல் போகலாம், மிகவும் தாழ்ந்தால் அடியில் தங்கும் தண்ணீரையும் கசடையும் எடுக்கும். கவ்விக்கும் குழாய்க்கும் நடுவில் டீசல் தாங்கும் ரப்பர் சுற்றினேன், இரும்போடு இரும்பு உரசாமல். டேங்க் அடியில் இருந்த கறுப்புக் குழம்பையும் அப்போதே கழுவி எடுத்தேன். தண்ணீர் சேர்ந்த டீசலில் நுண்ணுயிர் வளர்ந்து உண்டாகும் வழவழப்பு அது, விட்டுவைத்தால் அடுத்த ஃபில்டரை அடைக்கும்.

மாட்டி முடித்ததும் ஏர் எடுக்கும் வரிசை முக்கியம். டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கிப் போக வேண்டும். முதலில் ஃபில்டர் தலை, பிறகு பெரிய பம்பின் ஏர் ஸ்க்ரூ, கடைசியில் நாசில் நட்டுகள். நாசில் நட்டை அரைச் சுற்று தளர்த்தி இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லும்போது, பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது, மோட்டார் ஆற நேரம் கொடுக்க வேண்டும். கையையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் வண்டியில் காற்று புகும் இடம் வேறாக இருக்கலாம். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகத் தாமதம், பிறகு நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது என்றால், ராத்திரியில் டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது என்று பொருள். நாசில்களுக்கு நடுவில் ஓடும் மெல்லிய ரிட்டன் ஓஸ்களையும் ஃபீட் பம்பின் வால்வையும் முதலில் பாருங்கள். எவ்வளவு டீசல் இருந்தாலும் ஓடும்போது நிற்கிறது என்றால், டேங்குக்கு வெளியே உள்ள குழாய், ஓஸ், கிளிப். டேங்கில் டீசல் குறையும்போது மட்டும், அதிலும் ஏற்றத்திலோ இறக்கத்திலோ மட்டும் வந்தால், நான் பார்த்த இடம். எது எப்படியிருந்தாலும் வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் டீசல் மட்டம், ஏற்றமா இறக்கமா, எஞ்சின் சூடா, எத்தனை நிமிடம் ஓடியது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் கோபத்தில் எழுதத் தோன்றாது. ஆனாலும் எழுதுங்கள்.

பழைய ஃபீட் பம்பை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை, நல்லவேளை. பட்டறை அலமாரியில் துணியில் சுற்றி இருந்தது. புது டயஃப்ரம் போட்டு அதை மறுபடி அதன் இடத்திலேயே மாட்டினேன். கேஜ் வைத்துப் பார்த்தேன், 6 பிஎஸ்ஐ, முள் அசையாமல் நின்றது.

கடைசிச் சோதனைக்கு டேங்கை நிரப்பவில்லை. வேண்டுமென்றே கால் டேங்குக்கும் கீழே இறக்கி, பின்னால் ஒரு கேன் டீசலைக் கட்டிக்கொண்டு, மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு அந்த மண் பாதைக்குப் போனேன். லோ ரேஞ்ச், இரண்டாவது கியர். முதலில் நின்ற இடத்தைத் தாண்டும்போது இருவரும் பேசவில்லை. மேலே சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தோம். அண்ணன் குனிந்து ட்யூபில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு டீசல் ஒரே நிறமாக இருந்தது.

"ட்யூபைக் கழட்டிடலாம் தம்பி" என்றார்.

இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் அண்ணே என்றேன்.